ஊவாவின் நோய்ச் சரித்திரம்: அண்மைக் குழாயும் அதன் வாங்கிகளும்

பதுளை மாவட்டத்தைத் தேசப்படத்தில் ஒரே நிறத்தால் தீட்டிக் காட்டுவது வழக்கமாயினும், நோயின் சரித்திரத்தை எழுதப் புகுகின்றவனுக்கு அது இரண்டு பிரதேசங்களாகவே தோன்றும். தெற்கே ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்றும், கிழக்கே பசறை, லுணுகலை, மடுல்சீமை என்றும் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் தேயிலை மலைகள் ஒன்று. வடக்கே அம்மலைகள் தாழ்ந்து, காற்று வெம்மையுற்று, மகாவலி கங்கை வளைந்து செல்லும் மகியங்கனை, ரிதிமாலியத்த, கிராந்துருக்கோட்டை எனும் வயல்நிலம் மற்றொன்று. மலையிற் பிறக்கும் பதுளு ஓயா துன்ஹிந்தையில் ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, வடக்கு நோக்கி ஓடி மகாவலியிற் கலந்துவிடுகின்றது. மேலிருப்போரும் கீழிருப்போரும் ஒருவரையொருவர் அதிகம் அறியாதிருப்பினும், நீர் அவர்களை இணைத்தே வைத்திருக்கின்றது. சென்ற இதழ்களில், 1869ஆம் ஆண்டு மடுல்சீமையிற் கோப்பிச் செடியின் இலையிற் காணப்பட்ட துரு நோயையும், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தையும் பற்றிக் கூறினோம். இவ்விதழில் நூற்றாண்டொன்றைக் கடந்து கீழ்நிலத்துக்கு இறங்கி, நாட்பட்ட சிறுநீரக நோயின் சரித்திரத்தை, அது நிகழும் இடமாகிய கலத்தின் மென்சவ்வு வரையிற் சென்று பார்ப்போம்.

மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்தின் ‘சி’ வலயமாகக் கிராந்துருக்கோட்டைப் பகுதி வகுக்கப்பட்டு, 1980களிற் காடு திருத்தப்பட்டு, உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களின் நீர் கால்வாய்களின் வழியே வயல்களுக்குப் பாயத் தொடங்கியபோது, அங்கே குடியேறிய குடும்பங்களின் சிந்தனை முழுவதும் நெல்லைப் பற்றியதாகவே இருந்தது. குடிப்பதற்கு அவர்கள் கிணறு வெட்டிக்கொண்டனர். 1990களில் அநுராதபுரத்து வைத்தியர்கள், மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களிலிருந்து வரும் விவசாயிகளிடத்து, நீரிழிவோ, நெடுங்கால உயர் இரத்த அழுத்தமோ, கல்லடைப்போ இல்லாமலே சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்திருப்பதைக் காணலாயினர். அதே வியாதி ஊவாவின் இவ்வடகோடியிலும் வேரூன்றியிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டனர். கண்டியிலிருந்து வைத்திய நிபுணர்களும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சியாளர்களும் கிராந்துருக்கோட்டைக்கு வரலாயினர்.

உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி, 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சிக்கு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 15 முதல் 70 வயது வரையுள்ளோரில், வயதுக்கேற்பச் சீர்செய்த கணக்கின்படி, பெண்களில் 16.9 வீதத்தினரிடமும் ஆண்களில் 12.9 வீதத்தினரிடமும் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. எனினும் நோய் முற்றிய படிகளில் ஆண்களே மிகுதியாக இருந்தனர். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் என்பது சாதாரணமான எண்ணன்று. குடும்பத்துக்கு உழைத்துப் போடுபவன் நாற்பது, ஐம்பது வயதிற் படுக்கையில் வீழ்ந்தால், வயல் குத்தகைக்குப் போகும், பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பஸ் ஏறிப் போய் வருவதே அந்த வீட்டின் வாழ்க்கையாகிவிடும்.

சாதாரணச் சிறுநீரக நோயிற் காணும் அடையாளங்கள் இதிற் பெரும்பாலும் இல்லை. முகம் அதைப்பதில்லை, சிறுநீர் நுரைப்பதில்லை, இரத்த அழுத்தம் தொடக்கத்தில் உயர்வதுமில்லை. நோயாளி வரப்பில் நின்று மண்வெட்டி பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய சிறுநீரகம் பாதிக்குமேல் அழிந்திருக்கும். ஊசியினால் எடுத்த சிறுநீரகத் துணுக்குகளை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்த இலங்கை, யப்பான் ஆராய்ச்சியாளர், இதற்குரிய காரணத்தை 2012ஆம் ஆண்டிற் பதிவு செய்தனர். இரத்தத்தை வடிக்கும் கலன்கோளங்கள் தொடக்கத்தில் ஓரளவு நலமாகவே இருக்க, அவற்றைத் தொடர்ந்து வரும் சிறுகுழாய்களும், குழாய்களுக்கு இடைப்பட்ட இழையமுமே முதலில் நைந்து நாராகின்றன. ஆல்பா-1 மைக்குரோகுளோபியுலின் எனும் சின்னஞ்சிறு புரதம், நோய் முற்றுமுன்னரே சிறுநீரில் மிகுந்து வெளிப்படுவதையும் அவர்கள் கண்டனர். இச்சிறு புரதம் ஏன் வெளியேற வேண்டும் என்னும் கேள்விதான் நம்மைக் குழாயின் உட்சுவருக்கு அழைத்துச் செல்கின்றது.

மனிதனின் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. அவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளில் வடிக்கும் திரவம் 180 லீற்றர் வரையிலாகும். நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் அளவினதே. எஞ்சியது முழுவதும் மீண்டும் உடம்பினுள் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அவ்வேலையின் பெரும்பங்கைச் செய்வது கலன்கோளத்தை அடுத்துள்ள அண்மைக் குழாய். உப்பும் சீனியும் நீரும் மட்டுமன்றி, வடிகட்டியைக் கடந்து வந்துவிட்ட சிறு புரதங்களையும், விற்றமின் ஏ, டீ, பீ12 ஆகியவற்றைச் சுமந்து வரும் புரதங்களையும், ஒன்றையும் வீணாக்காமற் பிடித்து உள்ளிழுக்கும் கடமை அதற்கே உரியது. இதைச் செய்யும் கருவிகள், குழாய்க் கலத்தின் தூரிகை போன்ற விளிம்பிற் பதிந்திருக்கும் வாங்கிகள் எனும் பெரும் புரதங்கள்.

கலத்தின்மீது மருந்தையோ நஞ்சையோ ஏற்றுக்கொள்ளும் ஒரு பதார்த்தம் இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் 1905ஆம் ஆண்டு வாதித்தபோது, அதனைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. சிறுநீரகத்தின் தலையாய வாங்கி வெளிப்பட்ட கதையோ மிக விசித்திரமானது. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வால்டர் ஹைமன் எனும் வைத்தியர், எலியின் சிறுநீரகத்தை அரைத்து அதே இன எலிகளுக்கு ஊசியேற்றினார். அவ்வெலிகளின் உடல் தன் சிறுநீரகத்தையே பகையாகக் கருதித் தாக்கியது. எந்தப் புரதத்தை அது பகையாகக் கருதியது என்பதை அறிய இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1982ஆம் ஆண்டு கெர்யாஷ்கியும் மெரிலின் பார்குவரும் அதனை அண்மைக் குழாயின் விளிம்பிலிருந்தே பிரித்தெடுத்தனர். 1994ஆம் ஆண்டு அதன் முழு அமைப்பும் அறியப்பட்டு, அதன் பருமை கருதி மெகாலின் எனும் பெயர் சூட்டப்பட்டது. நோயொன்றின் இலக்காக அறிமுகமான இப்புரதம், ஆரோக்கியத்தின் காவலனும் ஆகும் என்பது பின்னரே விளங்கிற்று.

மெகாலின் தனியே தொழிற்படுவதில்லை. அதன் பக்கத்திலேயே கியூபிலின் எனும் வேறொரு வாங்கி இருக்கின்றது. சிறுகுடலில் விற்றமின் பீ12ஐ உள்ளிழுக்கும் வாங்கியும் இதுவே. கியூபிலின் மிகப் பெரிது. பற்பல புரதங்களைப் பற்றவல்லது. ஆயினும் மென்சவ்வை ஊடுருவி நிற்கும் வால்பகுதி அதற்கு இல்லை. அம்னியோன்லெஸ் எனும் சிறு புரதமொன்று அதனை விளிம்புக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்துகின்றது. பற்றிய பொருளை உள்ளே கொண்டுசெல்ல மெகாலின் துணைபுரிகின்றது. இம்மூன்றில் எது குறைந்தாலும் மற்றவற்றின் தொழிலும் குறைவுபடும். பிடித்த புரதத்தோடு மென்சவ்வு உட்குழிந்து ஒரு சிறு பையாகிக் கலத்தினுட் செல்ல, அங்கே புளிப்பு மிகுந்த சூழலிற் புரதம் கழன்று இலைசோசோம் எனும் செரிப்பறைக்குப் போய்ச் சேர்கின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திற் கூடையைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு மலைக்கு மீளும் பெண்களைப் போல, வாங்கிகள் மீண்டும் விளிம்புக்கு வந்து அடுத்த சுமைக்கு ஆயத்தமாகின்றன. இது வாழ்நாள் முழுவதும் ஓயாது நடைபெறுகின்றது.

இத்துணைச் சிறந்த அமைப்பின் அபாயமும் இதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. மெகாலின் நல்லதைப் பற்றுவது போலவே தீயதையும் பற்றும். ஜென்டமைசின் எனும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது, மெகாலின் அதனைத் தன் சரக்கென்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்வதாலேயே என்பது 1995ஆம் ஆண்டு தெளிவாயிற்று. கட்மியம் எனும் உலோகம் ஈரலில் மெட்டலோதயோனின் என்னும் சிறு புரதத்தோடு கூடி இரத்தத்தில் வரும்போது, அதே வழியாகவே குழாய்க் கலத்தினுட் புகுகின்றது. யப்பானின் ஜின்சு ஆற்றங்கரையிற் சுரங்கக் கழிவின் கட்மியம் கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர் எலும்பு நொறுங்கி அலறிய ‘இத்தாய்-இத்தாய்’ நோயை, 1968ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் சூழல் மாசினால் விளைந்ததென ஏற்றுக்கொண்டது. அந்நோயிலும் முதலிற் கெட்டது அண்மைக் குழாயே.

ஆதலின், இலங்கையில் இந்நோய்க்குக் காரணம் தேடிய அறிஞர்கள் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அண்மைக் குழாயின் இவ்வாயிலைச் சுற்றியே நின்றிருக்கின்றனர். நீர்த்தேக்கங்களிற் கட்மியம் உண்டென்று பேராதனையின் பண்டார முதலியோர் 2008ஆம் ஆண்டு எழுதினர். 2013ஆம் ஆண்டின் ஆராய்ச்சியும் சிறிதளவு கட்மியம் நெடுங்காலம் உடலிற் சேர்வதை ஒரு காரணமாகக் காட்டிற்று. அதே பேராதனையில் ரோஹண சந்திரஜித், சீ. பீ. திசாநாயக்க ஆகிய புவிஇரசாயனவியலாளர்களோ, கிராந்துருக்கோட்டை உள்ளிட்ட நோய்நிலங்களின் குடிநீரிற் கட்மியம் வரம்பு மீறவில்லை என்றும், புளோரைட்டும் அதனோடு கல்சியம், சோடியம் ஆகியவை சேரும் விகிதமுமே கவனிக்கத்தக்கன என்றும் 2011ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நீரின் கடினத்தன்மை மாத்திரம் காரணமாயின், சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் இவ்வியாதியை இவ்வளவில் விளைவித்திருக்க வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. ஆனால் கிணற்று நீரை விட்டு ஊற்று நீரைக் குடித்து வந்த குடும்பங்களில் நோய் குறைவென்பதை நோய்நிலத்து மக்களே கண்டு கூறினர். ஆராய்ந்தோரும் அதனைக் குறித்திருக்கின்றனர். மலைத் தோட்டங்களின் பீலித் தண்ணீரில் வளர்ந்த நமக்கு இச்செய்தி விசேஷமாகக் கருதத்தக்கது.

கிளைபொசேற்று எனும் களைநாசினியும் கடின நீரும் சேர்ந்தே கேடு விளைவிக்கின்றன என்று ஜயசுமன முதலியோர் 2014ஆம் ஆண்டில் முன்வைத்த கொள்கையே, கீழ்நிலத்து வியாதியைத் தேயிலை மலையோடு நேரடியாகப் பிணைத்தது. மறு ஆண்டே அரசாங்கம் அந்நாசினியை நாடு முழுவதும் தடைசெய்தது. அதனால் மலையில் மருந்துத் தாங்கியைத் தோளில் ஏற்றிச் சென்றவர்கள் அதை இறக்கி வைக்கவும், சுரண்டியும் மண்வெட்டியும் மீண்டும் புல்வெட்டுக்கு வரவும் நேர்ந்தது. ஆள் பற்றாக்குறையால் தேயிலை புல்லில் மூழ்குகின்றதென்று தோட்டக் கம்பனிகள் முறையிட்டன. 2018ஆம் ஆண்டு தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. ஜயசுமன முதலியோரின் அக்கொள்கை இன்றுவரை நிரூபணமானதன்று. ஆனால் தடையும் தளர்வும் பேசப்பட்ட மன்றங்களில், மருந்து அடிப்பவனுக்குக் கையுறையும் முகமூடியும் உண்டா, அவனுடைய இரத்தமும் சிறுநீரும் ஆண்டுக்கொரு தரமேனும் பரிசோதிக்கப்படுகின்றனவா என்ற கேள்வி, விளைச்சலைப் பற்றிய கேள்வி எழுந்த அளவுக்கு எழவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகின்றது.

2020ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இலங்கை, எல் சல்வடோர், இந்தியா ஆகிய நாடுகளின் விவசாய நோயாளிகளின் சிறுநீரகத் துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தனர். அண்மைக் குழாயின் கலங்களில் இலைசோசோம்கள் இயல்புக்கு மீறிப் பருத்து, உருவம் கோணி, உள்ளே கருந்துகள்கள் செறிந்து செரியாமற் கிடந்தன. உறுப்பு மாற்றியோருக்குக் கொடுக்கப்படும் சைக்குளோஸ்போரின் வகை மருந்துகள் உண்டாக்கும் கேட்டை இக்காட்சி ஒத்திருந்தமையால், ஏதோ ஒரு நச்சுப்பொருளின் வேலையே இதுவென அவர்கள் துணிந்தனர். வேறு சிறுநீரக நோய்களிலும் இத்தகைய இலைசோசோம்கள் காணப்படுமாதலின் இதனை முடிந்த சான்றாகக் கொள்ளலாகாது என்று மறுத்தோரும் உளர். விவாதம் எவ்விதம் முடியினும், வாங்கிகள் உள்ளே கொண்டுவந்து சேர்த்த சுமையை அறுத்துச் செரிக்கமாட்டாது கலம் திணறுகின்றது என்பதை அப்படங்கள் கண்முன் நிறுத்துகின்றன. செரிப்பறை நிரம்பினால் வாங்கிகளின் போக்குவரத்தும் தடைப்படும். விளிம்பிற் பற்றுவோர் குறைந்தவுடன், பற்றப்படாத சிறு புரதங்கள் சிறுநீரோடு வெளியேறும். நோய்நிலத்து விவசாயியின் சிறுநீரில் ஆல்பா-1 மைக்குரோகுளோபியுலின் வருவதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகின்றது.

தொற்றுநோயின் திசையிலும் சிலர் தேடினர். எலிகள் பரப்பும் ஹன்டா வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், கிராந்துருக்கோட்டையின் நோயாளிகளிடத்து ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக இருப்பதைப் பேராதனையும் யப்பானிய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வினத்து வைரசுகள் சில, பீட்டா-3 இன்டெகிரின் எனும் வாங்கியைப் பற்றியே கலத்தினுட் புகும். அதே இன்டெகிரினைத்தான், இரத்தத்தில் மிதந்து திரியும் யூரோகைனேசு வாங்கியின் துண்டொன்று கலன்கோளத்தின் பாதக்கலங்களில் தூண்டிக் கேடு செய்கின்றதென்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டு முதல் எழுதி வருகின்றனர். ஊவாவின் நோயில் இவ்விரண்டும் சந்திக்கின்றனவா என்பதற்குச் சான்று இன்னும் இல்லாமையால் அதனை இவ்வளவோடு விடுவோம்.

இனி, நோய் எவ்விதம் தொடங்கினும் அது எவ்விதம் வளர்கின்றது என்பதைக் காண வேண்டும்; ஏனெனில், தோட்டத்து நோயாளியும் கீழ்நிலத்து நோயாளியும் சந்திக்கும் இடம் அதுவே. தேயிலை மலைகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கேள்விப்பட்டவுடன் வைத்தியர் முதலில் தேடுவது நீரிழிவையும் உயர் அழுத்தத்தையும் ஆகும். ‘சீனி’, ‘பிரஷர்’ என்று லயத்துக்கு லயம் பேசப்படும் இரண்டும் அவையே. காரணம் அறியப்படாத வியாதியின் நிலைக்களங்களாகக் குறிக்கப்பட்டவை வறண்ட வலயத்துத் தாழ்நிலங்களே. மலைகள் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் காரணம் எதுவாயினும், சிறுநீரகம் ஓரளவு அழிந்தபின் எஞ்சியதை அழிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

1898ஆம் ஆண்டு சுவீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் எனும் இருவர் முயலின் சிறுநீரகத்தைப் பிழிந்து, அதிலிருந்து அழுத்தத்தை உயர்த்தும் பொருளொன்றைப் பெற்று ரெனின் என்று பெயரிட்டனர். ரெனினால் உண்டாகும் அஞ்சியோடென்சின் எனும் ஓமோனை 1940ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலும் ஆர்ஜென்டினாவிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அது சென்று பற்றும் முதலாம் வாங்கியின் அமைப்பு 1991ஆம் ஆண்டு தெரியவந்தது. இரத்தக் குழாயைச் சுருக்குவது மாத்திரமே இதன் வேலை என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆனால் பாரிஸ் நகரத்து நெக்கர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை, அந்நம்பிக்கை முழுமையன்று என்று காட்டிற்று. எலிகளுக்கு இரண்டு மாதம் அஞ்சியோடென்சின் செலுத்தினால் சிறுநீரகம் நாராகும். ஆனால் குழாய்க் கலங்களில் மேலணி வளர்ச்சிக் காரணியின் வாங்கியைச் செயலற்றதாக்கிய எலிகளில் அவ்வழிவு பெரிதும் தடைப்பட்டது. நடந்தது என்னவெனின், அஞ்சியோடென்சின் தன் வாங்கியைப் பற்றியவுடன், புரதத்தை வெட்டும் நொதியமொன்று கலத்தின் உட்பகுதியிலிருந்து குழாயின் உள்விளிம்புக்கு நகர்கின்றது. அங்கே மென்சவ்விற் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிக் காரணியொன்றை அது வெட்டி விடுவிக்கின்றது. விடுபட்ட காரணி அதே விளிம்பிலுள்ள வளர்ச்சி வாங்கியைத் தூண்டுகின்றது. அழுத்தத்தின் வாங்கி, வளர்ச்சியின் வாங்கியை இவ்விதமாக எழுப்பிவிட, கலங்கள் பெருகி, இழையம் தழும்பாகி, சிறுநீரகம் சுருங்குகின்றது.

இங்கே மெகாலினும் மீண்டும் வருகின்றது. அஞ்சியோடென்சினையே மெகாலின் பற்றி உள்ளிழுக்கும் என்பதும், தழும்பை வளர்க்கும் டீ.ஜீ.எப். பீட்டா எனும் காரணி மெகாலின், கியூபிலின் ஆகியவற்றின் தொழிலைக் குறைத்துவிடும் என்பதும் ஆய்வுகூடங்களிற் காட்டப்பட்டிருக்கின்றன. ஒரு வாங்கியின் கேடு மற்றொன்றுக்குப் பரவ, அதன் தளர்ச்சி மூன்றாவதைத் தூண்ட, நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றது. முதற்காரணத்தை அகற்றிய பின்னரும் சிறுநீரகம் தொடர்ந்து அழிவதன் இரகசியம் இதுதான். நல்ல தண்ணீர் வந்தபின்னும் பழைய நோயாளியின் நோய் நிற்காமைக்கு அவனைக் குறைகூறல் தகாது.

கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் காகித உறையிலுள்ள லோசார்ட்டன் மாத்திரை, அஞ்சியோடென்சினின் அம்முதலாம் வாங்கியை அடைத்து நிற்கும் மருந்தாகும். நீரிழிவினால் வரும் சிறுநீரக நோயை அது தாமதப்படுத்தும் என்று பெரியதொரு பரிசோதனை 2001ஆம் ஆண்டில் நிறுவிற்று. அழுத்தம் குறைந்துவிட்டதே, இனி ஏன் என்று பலர் அதனைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். அழுத்தம் குறைந்து காணப்படுவது மாத்திரையினால். மாத்திரை தடுத்து நிற்பது அழுத்தத்தை மட்டுமன்று, மேலே கூறிய சங்கிலியின் முதற்கண்ணியையும் ஆகும்.

நோவு மாத்திரையைப் பற்றியும் கூற வேண்டும். நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, இடுப்பும் முழங்காலும் கடுக்க வீடு திரும்புவோர், கடையில் டைக்குளோபினாக், ஐபுபுரொபென் முதலியவற்றை வாங்கி விழுங்குவது வழக்கமாயிருக்கின்றது. உடலில் நீர் குறையும்போது அஞ்சியோடென்சின் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்க, புரோஸ்டகிளாண்டின் எனும் பொருள் தன் வாங்கிகளின் வழியே உள்வரும் குழாயை விரித்து இரத்தம் குன்றாமற் காக்கின்றது. நோவு மாத்திரை அப்புரோஸ்டகிளாண்டினையே உண்டாகவிடாது. வரட்சி, நோவு மாத்திரை, அழுத்த மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே நாளிற் கூடினால், நலமாயிருந்த சிறுநீரகமும் சில தினங்களிற் செயலிழக்கக் கூடும்.

வரட்சியின் பங்கு இதனோடு முடியவில்லை. நீர் குறைந்தால் மூளையிலிருந்து வசோபிரெசின் எனும் ஓமோன் சுரந்து, சேகரிப்புக் குழாயிலுள்ள தன் இரண்டாம் வகை வாங்கியைத் தூண்டி, நீரைத் திரும்ப இழுக்கச் செய்கின்றது. ஒரு நாளைக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அவ்வாறு நிகழுமாயின் சிறுநீரகத்துக்குக் கேடென்று, நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுவோரின் நோயை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதே ஐயம் பேசப்படுகின்றது. யூன் முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளிற் காய்ந்த காற்று வீசி, உலகமெங்கும் பெயர்போன அந்தத் தேயிலையின் மணத்தை உண்டாக்கும் காலத்தில், மலையில் நிற்கும் பெண்கள் தண்ணீரைக் குறைத்தே குடிக்கின்றனர். ஏனெனில் மலையிற் கழிப்பிடம் இல்லை. வெயிலோடும் வரட்சியோடும் வேலைசெய்யும் இம்மலைகளிலும், கிராந்துருக்கோட்டையில் தேடிய அதே சிரத்தையோடு இந்நோயைத் தேட வேண்டும் என்பது என் துணிபு.

பரம்பரைக் கூற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை குறிப்பிட வேண்டும். எஸ்.எல்.சி.13ஏ3 எனும் மரபணுவின் ஒரு வேறுபாடு இந்நோயாளிகளிடத்து மிகுந்து காணப்படுவதை ஷானிகா நாணாயக்கார முதலியோர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மரபணு ஆக்குவதும் அண்மைக் குழாயில் அமைந்த கடத்திப் புரதமொன்றையே. ஒரே கிணற்று நீரைக் குடித்த அண்ணனுக்கு நோய் வந்து தம்பிக்கு வராமற் போவது இதனால் ஓரளவு விளங்கும்.

தோட்டத்து வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. நாற்பது வயது கடந்தவர்களும், சீனியோ பிரஷரோ உள்ளவர்களும், மருந்து அடிக்கும் வேலை செய்பவர்களும், அடுத்த கிளினிக் நாளில் இரத்தத்திற் கிரியேற்றினின் அளவையும் சிறுநீரில் அல்புமின் அளவையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. விடையை உங்கள் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வைத்தியர் சொல்லாமல் லோசார்ட்டனை நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்ட நாளில் அதனைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். நோவு மாத்திரையைக் கடையிற் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த ஒப்பந்தத்துக்கு அமரும்போது, சம்பளத்தோடு சேர்த்து, ஒவ்வொரு மலையிலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பிடமும் அமைப்பதை எழுத்தில் வைக்க வேண்டும்.